போகும் முன்பே கிடைத்த வேலை

தன்பாத்–ஆலப்புழா விரைவு ரயில் சேலம், ஈரோடு, திருப்பூர் வழியாகக் கோவைக்குப் போகிறது. திருப்பூரில் அதன் முன்பதிவில்லாப் பெட்டிகளிலிருந்து இறங்கும் இளைஞர்களை நடைமேடையில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். அவர்களில் பலர் வேலை தேடி வந்தவர்கள் இல்லை. தோளில் ஒரு பை, காதில் செல்பேசி. எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும், எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்று மறுமுனையில் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேலை, தங்குமிடம், முதல் மாதச் சாப்பாடு எல்லாம் ஊரிலேயே பேசி முடித்தாயிற்று. அதே ரயிலின் குளிர்சாதனப் பெட்டியிலும் வேலை உறுதியான ஒருவர் வரக்கூடும். அவருடைய மின்னஞ்சலில் பணி நியமனக் கடிதம் இருக்கும். சேர வேண்டிய தேதி, சம்பளம், வீடு மாற்றும் செலவுக்கு நிறுவனம் தரும் தொகை எல்லாம் அதில் எழுத்தில் உண்டு.

‘கையில் வேலை இருந்தால்தான் ஊர் மாறணும்’ என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி. இந்த இருவரும் அதைக் கடைப்பிடித்தவர்கள்தாம். ஆனால் ஆறு மாதம் கழித்து இருவரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒருவருக்கு வேலை பிடிக்காவிட்டால் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வேறிடம் போகிறார். மற்றவர் கணக்குத் தீராமல் நகர முடிவதில்லை. வெளி மாநிலத்துக்குப் போகும் முன்பே உறுதியாகும் வேலை ஒருவருக்குப் பாதுகாப்பாகவும் இன்னொருவருக்குப் பிடியாகவும் ஆவது ஏன்? இந்தியாவில் மாநிலம் விட்டு மாநிலம் வேலைக்குப் போனவர்களின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், இரண்டு கேள்விகளில் விடை இருப்பது தெரிகிறது: வழிச்செலவைக் கொடுத்தது யார்? திரும்பும் வழி யார் கையில் இருக்கிறது?

எத்தனை பேர் போகிறார்கள்?

மனிதர்கள் இடம்பெயர்வதில் ஓர் ஒழுங்கு உண்டு என்று முதலில் எழுதியவர் ரேவன்ஸ்டீன். பிரிட்டனின் 1881 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 1885இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: பெரும்பாலோர் பக்கத்து ஊருக்குத்தான் போகிறார்கள், நெடுந்தூரம் போகிறவர்கள் பெரிய தொழில் நகரங்களை நாடுகிறார்கள், ஒரு திசையில் ஓட்டம் இருந்தால் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் இருக்கும்.

இந்தியாவின் 2011 கணக்கெடுப்பும் ஏறக்குறைய இதையே காட்டுகிறது. முன்பு வசித்த இடத்தை விட்டு வேறிடத்தில் வசிப்பவர்கள் சுமார் 45 கோடிப் பேர். அவர்களில் மாநில எல்லையைத் தாண்டியவர்கள் 5.4 கோடி அளவில்தான். எட்டில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. பெண்கள் இடம்பெயர்வதற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம் திருமணம். கணக்கெடுப்பாளர் ஒருவருக்கு ஒரு காரணத்தைத்தான் குறித்துக்கொள்கிறார். திருமணமாகி வேறு மாநிலம் போய், அங்கே செங்கல் சூளையிலோ தையல் கூடத்திலோ வேலை செய்யும் பெண் அந்தக் கட்டத்தில் ‘திருமணம்’ என்றே பதிவாகிறார்.

கணக்கெடுப்பில் பிடிபடாத ஓட்டம் வேறொன்றும் உண்டு. அறுவடைக்கு ஊருக்குத் திரும்பி, நடவு முடிந்ததும் மறுபடி கிளம்புகிறவர்கள் எந்த ஊர்க் கணக்கிலும் ஒழுங்காக வருவதில்லை. மத்திய அரசின் 2016–17 பொருளாதார ஆய்வறிக்கை இவர்களை எண்ண ஒரு புதிய வழியைக் கையாண்டது. முன்பதிவில்லா ரயில் டிக்கெட்டுகளின் போக்குவரத்தை வைத்து, 2011க்குப் பிந்தைய ஆண்டுகளில் மாநிலம் விட்டு மாநிலம் வேலைக்காகப் போகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. அதுவரை நினைத்துக்கொண்டிருந்ததைவிட இது மிக அதிகம்.

இருந்தும், நாட்டின் அளவோடு ஒப்பிட்டால் இது குறைவே. உலக வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2001 கணக்கெடுப்பின் மாவட்டவாரி விவரங்களைக் கொண்டு இதை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். அடுத்தடுத்த இரண்டு மாவட்டங்கள் ஒரே மாநிலத்தில் இருந்தால் அவற்றுக்கிடையே நடக்கும் இடப்பெயர்வு, நடுவே மாநில எல்லை ஓடினால் நடப்பதைவிடக் குறைந்தது 50 சதவீதம் அதிகம். மொழி வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த இடைவெளி மறையவில்லை. இந்த எல்லையில் காவலோ வேலியோ கிடையாது. நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகவும் குடியேறவும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு உரிமை தந்திருக்கிறது. தடுப்பது ரேஷன் அட்டை, கல்லூரி இடஒதுக்கீட்டுக்கான இருப்பிடச் சான்று, மாநில அரசு வேலைக்கான தகுதி போன்றவை என்று அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். எல்லை தாண்டினால் ஆள் வருவார். அவருடைய உரிமைகள் பின்னால் நின்றுவிடும்.

குலுக்கல் சீட்டு வாங்காதவர்கள்

வேலை இல்லாமலே நகரத்துக்குப் போகிறவர்களைப் பற்றிய புகழ்பெற்ற விளக்கம் ஜான் ஹாரிஸும் மைக்கேல் டொடாரோவும் 1970இல் எழுதியது. கிழக்கு ஆப்பிரிக்க நகரங்களில் வேலையில்லாதவர்கள் பெருகிக்கொண்டே இருந்தும் கிராமத்து மக்கள் ஏன் வந்துகொண்டே இருந்தார்கள் என்பது அவர்களின் கேள்வி. வருகிறவர் நகரத்துக் கூலியை மட்டும் பார்ப்பதில்லை, அது கிடைப்பதற்கான வாய்ப்பையும் சேர்த்தே எடைபோடுகிறார் என்றார்கள். ஊரில் 400 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய், வேலை கிடைக்க பாதி வாய்ப்பு என்றால் நகரத்தின் மதிப்பு 500. அப்படியானால் போகலாம். இடப்பெயர்வு ஒரு குலுக்கல் சீட்டு. பரிசு பெரிதாக இருந்தால் வாங்கலாம்.

கணக்கு சரிதான். ஆனால் சீட்டு விழாவிட்டால் அன்று இரவு சாப்பிட வழியிருப்பவர்தான் குலுக்கலில் சேர முடியும். வங்கதேசத்தின் வடக்கே ரங்பூர் பகுதியில், நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஆண்டுதோறும் பட்டினி வரும். ‘மொங்கா’ என்று அதற்குப் பெயரே உண்டு. அதே மாதங்களில் நகரங்களில் கூலி வேலை கிடைக்கும். இருந்தும் பலர் போவதில்லை. 2008இல் கரத் பிரையன், ஷ்யாமல் சவுத்ரி, முஷ்ஃபிக் மொபாரக் ஆகிய ஆய்வாளர்கள் அங்கே ஒரு சோதனை செய்தார்கள். வெளியூர் போனால் போக்குவரத்துச் செலவுக்கு 600 டாக்கா தருவோம் என்றார்கள். அன்றைய மதிப்பில் அது எட்டரை டாலர். அந்தச் சிறு தொகை 22 சதவீதக் குடும்பங்களிலிருந்து ஒருவரைக் கிளம்ப வைத்தது. அப்படிக் கிளம்பியவர்களின் வீடுகளில் நுகர்வு 30 முதல் 35 சதவீதம் வரை கூடியது. மறு ஆண்டு பணம் எதுவும் தரப்படவில்லை. ஆனாலும் உதவி பெற்ற ஊர்களிலிருந்து மற்ற ஊர்களைவிட அதிகம் பேர் தாமாகவே கிளம்பினார்கள்; பலர் முந்தைய ஆண்டு போன அதே இடத்துக்கே போனார்கள்.

இத்தனை லாபமுள்ள பயணத்தை அவர்கள் முன்பே ஏன் செய்யவில்லை? வேலை கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தால், போன வழிச்செலவு அந்த வீட்டின் ஒரு வாரச் சோறு. அதை இழக்க அவர்களால் முடியாது. (இதே திட்டத்தை மிகப் பெரிய அளவில் விரித்தபோது முதல் சோதனையின் பலன் கிடைக்கவில்லை; நடத்திய அமைப்பு 2019இல் அதை நிறுத்திக்கொண்டது. சிறிய சோதனையில் பலித்தது பெரிய அளவில் பலிக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.)

இந்தியாவைப் பற்றி கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வெய்க்கும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதோடு பொருந்துகிறது. கிராமத்துக்கும் நகரத்துக்கும் கூலியில் பெரிய வேறுபாடு இருந்தும் ஆண்கள் ஏன் நிரந்தரமாகப் பெயர்வதில்லை? நோய், சாவு, பயிர் நட்டம் என்று வரும்போது கைகொடுப்பது சொந்த சாதி உறவுகளின் வலை. ஊரை விட்டுப் போகிறவரைக் கண்காணிக்க முடியாது என்பதால் அந்த வலையில் அவருடைய இடம் தளர்ந்துவிடும். அரசுக் காப்பீடு எட்டாத இடத்தில் உறவுதான் காப்பீடு. அதைத் துறந்துவிட்டுப் போக அதிகக் கூலி மட்டும் போதாது.

ஆகவே ஏழையைப் பொறுத்தவரை ‘வேலையை உறுதி செய்துகொண்டு போ’ என்பது புத்திமதி அன்று, கட்டாயம். அந்த உறுதியை அவருக்குத் தரக்கூடியவர், வழிச்செலவையும் முன்பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் வருகிற ஒருவர்தான்.

கங்காணியின் துண்டு

அந்த ஒருவரைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்த கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சொந்த சாதிக்காரர், சில சமயம் மாமன் முறை. தோட்டத்துரை தரும் பணத்தில் அவர் ஊருக்கு வந்து கடனை அடைத்துவிட்டு, வழிச்செலவைக் கொடுத்து, கூட்டமாக அழைத்துப் போவார். வேலை, லயத்தில் வீடு, அரிசி எல்லாம் முன்பே பேசியது. தெரிந்த முகத்தின் பின்னால் போவது என்பதால் பயம் குறைவு.

இலங்கையில் இந்த ஏற்பாட்டின் மையத்தில் இருந்தது ஒரு சிறு காகிதம். அதற்குப் பெயர் ‘துண்டு’. இன்ன கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டத்துக்கு இவ்வளவு பாக்கி. அதைச் செலுத்தினால் விடுவிக்கிறேன் என்று தோட்ட நிர்வாகி எழுதித் தருவது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். புதிய நிர்வாகி அந்தத் தொகையைக் கட்டிக் கூட்டத்தை எடுத்துக்கொள்வார். ஆள் தேவை அதிகமாக இருந்தால் கூடுதலாகவும் கொடுப்பார். கூடுதல் பணத்தில் பெரும்பங்கு கங்காணியின் கையில் நிற்கும். கடன் மட்டும் தொழிலாளியின் தலையில் ஏறும். தோட்டம் மாற மாற, உழைக்க உழைக்க, கணக்கு வளர்ந்துகொண்டே போயிற்று. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

மலாயா வேறொரு பாடம் சொல்கிறது. அங்கே 1907இல் தமிழ்க் குடிவரவு நிதி ஏற்படுத்தப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்த முதலாளிகள் எல்லோரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். யார் ஆள் சேர்த்தாலும் கப்பல் கட்டணம் பொது நிதியிலிருந்து போகும். தொழிலாளி கடன் இல்லாமல் கரையிறங்கினார். ஒரு குறிப்பிட்ட முதலாளிக்கு வழிச்செலவைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதால், ஒப்பந்தக் கூலி முறைக்கு அதுவரை சொல்லப்பட்ட நியாயம் ஆட்டங்கண்டது. 1910இல் அது அங்கே முடிவுக்கு வந்தது. தோட்ட வாழ்க்கை அதனால் இனித்துவிடவில்லை. கங்காணியின் அதிகாரம் தொடர்ந்தது, கூலி குறைவாகவே இருந்தது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு இத்தகைய ஆள்சேர்ப்பையே நிறுத்தியது. ஆனாலும் முக்கியமான ஒன்று அங்கே நிரூபணமாயிற்று. அதே கங்காணி, அதே கப்பல், அதே ரப்பர் மரம். பயணச்சீட்டுக்குப் பணம் கொடுப்பவர் மாறியதும் பிடியின் ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

தாதன், ஜமாதார், ஒரு ரூபாய்

சுதந்திர இந்தியாவுக்குள் இந்தக் கதை வேறு பெயர்களில் நடந்தது. ஒடிசாவில் முன்பணத்துக்கு ‘தாதன்’ என்று பெயர். அதை வாங்கிக்கொண்டு வெளி மாநிலம் போகிறவர் தாதன் தொழிலாளி. அணை, சாலை, கட்டுமான வேலைகளுக்கு சர்தார்கள் ஆள் சேர்த்தார்கள். கூலிக் கணக்கு மாதாமாதம் தீர்க்கப்படும் என்று ஊரில் சொல்வார்கள். போன இடத்தில் அது நடப்பதில்லை. ரயில் கட்டணம் மட்டும் கொடுத்து நெடுந்தூரம் அழைத்துப்போனபின், வேலை நேரம் என்றோ விடுமுறை என்றோ எதுவும் கிடையாது. ஒடிசா அரசு 1975இல் தாதன் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாநிலத்தின் சட்டம் வேலை நடக்கும் இன்னொரு மாநிலத்தை எட்டாது என்பது விரைவிலேயே தெரிந்துபோயிற்று. 1976இல் தொழிலாளர் அமைச்சர்கள் மாநாட்டில் பிரச்சினை பேசப்பட்டு, அதைத் தொடர்ந்து அமைந்த குழுவின் பரிந்துரையில் 1979இல் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தாதன் முறையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். முடிச்சுகள் எங்கே விழுகின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு எழுதினார்கள். வேலைக்கு எடுக்கும்போது மாதக் கூலியில் பாதி, அல்லது 75 ரூபாய், இதில் எது அதிகமோ அதை இடப்பெயர்வுப் படியாகத் தர வேண்டும். அதைத் திரும்பக் கேட்கக் கூடாது. புகைப்படம் ஒட்டிய கணக்குப் புத்தகம் தொழிலாளியிடமே இருக்க வேண்டும். கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பது அதில் பதிவாக வேண்டும். பயண நாட்களுக்கும் கூலி உண்டு. வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போவதற்கும், வேலையிடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்புவதற்கும் பயணக் கட்டணத்தை ஒப்பந்ததாரரே தர வேண்டும்.

காகிதத்தில் இதைவிட நல்ல சட்டம் கிடைப்பது கடினம். நடைமுறைக்குச் சிறந்த சாட்சி தலைநகரிலேயே கிடைத்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் அரங்குகளும் மேம்பாலங்களும் கட்டப்பட்டன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒடிசா போன்ற இடங்களிலிருந்து ஜமாதார்கள் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதை ஜமாதாரிடம் கொடுக்க, அவர் ஆளுக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசைத் தொழிலாளியிடம் கொடுத்தார். மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான சங்கம் தொடுத்த வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. கத்தியைக் காட்டித்தான் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதில்லை. பசியும் கட்டாயம்தான் என்பது அத்தீர்ப்பின் உட்பொருள். பிடித்துக்கொண்ட அந்த ஒரு ரூபாய், வேலையை முன்கூட்டி உறுதி செய்துதந்ததற்கான விலை.

1979 சட்டம் இப்போது தனியாக இல்லை. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அது கரைந்துவிட்டது. ஒரு வகையில் இது முன்னேற்றம். ஒப்பந்ததாரர் வழியாக வந்தவரை மட்டுமின்றி, குறிப்பிட்ட கூலி வரம்புக்குள் தானாக வந்தவரையும் புதிய சட்டம் புலம்பெயர் தொழிலாளியாக ஏற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போய்வரும் கட்டணத்தை முதலாளி தர வேண்டும் என்கிறது. இன்னொரு வகையில் இது இழப்பு. பழைய சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. புதியதற்குப் பத்துப் பேர் வேண்டும். இடப்பெயர்வுப் படி என்ற ஏற்பாடே இல்லை. கிளம்பும் நாளில் கையில் இருக்கும் கடனற்ற சிறு பணம்தான் மேஸ்திரியின் முன்பணத்துக்கு மாற்று என்பதை 1979இல் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

லாரி நிறையச் சாமான், கட்டு நிறையக் காகிதம்

நியமனக் கடிதத்தோடு போகிறவருக்கும் எல்லை சும்மா விடுவதில்லை. சென்னையிலிருந்து புனேவுக்கு மாறும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பழைய நிறுவனத்தில் அறிவிப்புக் காலம் 60 நாளோ 90 நாளோ. புதிய நிறுவனம் முப்பதாம் நாளே வரச் சொல்லும். எரிவாயு ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, இணைப்பு முடித்த சீட்டு வாங்க வேண்டும்; அதைக் காட்டினால்தான் அங்கே சுலபமாகப் புதிய இணைப்பு கிடைக்கும். கார் வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்.ஓ.சி. வாங்க வேண்டும், கடன் பாக்கி இருந்தால் வங்கியிடமும் வாங்க வேண்டும். ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியது. அங்கே மறுபடியும் வரி கட்டிவிட்டு, இங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். 2021இல் வந்த ‘பி.எச்.’ பதிவெண் இந்தத் தொல்லையை நீக்குகிறது. ஆனால் அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் மட்டும்.

குழந்தையின் பள்ளிதான் இதில் கடினமான கணக்கு. மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும், அது தாமதமானால் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் மொழியைச் சான்றிதழில் எழுதித் தர முடியாது. தமிழ்நாட்டில் 2006 சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். மகாராஷ்டிரத்தில் 2020 சட்டப்படி மராத்தி. ஒவ்வொரு மாநிலமும் தன் மொழியைக் காப்பது நியாயம். ஆறாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை முதல் வகுப்பு எழுத்திலிருந்து தொடங்க வேண்டியிருப்பதும் உண்மை. மத்திய அரசு இந்தச் சிக்கலைத் தன் ஊழியர்களுக்காக எப்போதோ தீர்த்துவிட்டது. இடமாற்றம் ஆகும் ஊழியர்களின் பிள்ளைகளுக்காகவே 1963இல் மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இன்றைய கேந்திரிய வித்யாலயாக்கள் அவைதான். அரசு நினைத்தால் எல்லையைக் கரைக்க முடியும் என்பதற்கு அது சான்று. சூளைத் தொழிலாளியின் பிள்ளைக்காக அப்படி நினைக்கப்படவில்லை.

லாரியில் ஏறாத இன்னொன்றும் உண்டு: மனைவியின் வேலை. குடும்ப இடப்பெயர்வு பற்றி 1978இல் எழுதிய பொருளியலாளர் ஜேக்கப் மின்சர் ‘கட்டுண்டு நகர்பவர்’, ‘கட்டுண்டு தங்குபவர்’ என்ற பொருளில் இரண்டு சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். குடும்பம் மொத்தத்துக்கு லாபம் என்பதால், தனக்கு நட்டமானாலும் கூடப் போகிறவர் முன்னவர். அதே காரணத்துக்காக, தனக்கு வாய்ப்பிருந்தும் போகாமல் இருப்பவர் பின்னவர். முன்னவர் பெரும்பாலும் மனைவி. நியமனக் கடிதம் ஒருவர் பெயருக்கு வருகிறது. ஊர் மாறுவது இரண்டு பேர். இரண்டு வேலைகளில் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொண்டு கிளம்பும் குடும்பம் ‘வேலையோடு போகிறோம்’ என்று சொல்வது பாதி உண்மை.

இத்தனை இருந்தும், இந்தக் குடும்பத்தின் சிக்கல் செலவும் அலைச்சலும்தான். கட்டுண்டு நகர்ந்தவருக்கு மட்டும் விலை அதைவிடப் பெரிது. மற்றபடி சம்பளக் கணக்கு அவர்களிடமே இருக்கிறது. வருங்கால வைப்பு நிதி 2014இல் வந்த பொது எண்ணோடு கூடவே வருகிறது. வேலை பிடிக்காவிட்டால் திரும்பி வர டிக்கெட் எடுக்கப் பணம் இருக்கிறது. முன்பதிவில்லாப் பெட்டியில் வந்தவரிடம் இல்லாதது இதுதான்.

திரும்பும் வழி

மேஸ்திரி வந்து சேர்ந்தால்தான் வேலை உறுதியாகும் என்ற நிலையை மாற்ற, ஆள் போகும் முன் அவருடைய உரிமைகள் போய்ச் சேர வேண்டும். இதில் ஒரு நல்ல முன்னேற்றம் ரேஷன். 2019இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ ஏற்பாட்டில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எல்லா மாநிலங்களும் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது. கடைசியாக 2022 ஜூனில் அசாம் வந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தனக்குரிய அரிசியையும் கோதுமையையும் தொழிலாளி வெளி மாநிலக் கடையில் வாங்கலாம். முதல் மாதச் சாப்பாட்டுக்கு மேஸ்திரியைச் சார்ந்திருப்பது அந்த அளவுக்குக் குறைகிறது. மற்ற உரிமைகளும் இதே வழியில் வர வேண்டும்.

படிக்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வீடு கட்டுகிறவர், ஓட்டல் நடத்துகிறவர், பட்டறை வைத்திருப்பவர் ஒரு மேஸ்திரியிடம் ‘பத்துப் பேர் அனுப்பு’ என்று சொல்லும்போது மூன்று விஷயங்களைக் கேட்கலாம். வழிச்செலவு யாருடையது? கூலி நேராக அவரவர் கணக்குக்குப் போகிறதா? நடுவில் ஊருக்குப் போக வேண்டும் என்றால் போக விடுவீர்களா? சொந்தமாக வெளி மாநிலம் கிளம்புகிறவரும் இதே மூன்றையும் கேட்டுவிட்டுக் கிளம்பலாம். மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் வருகிற வேலைதான் உண்மையில் உறுதியான வேலை.

அந்த மூன்றாவது கேள்வியை நாடு மொத்தமும் ஒரே நேரத்தில் எதிர்கொண்ட ஆண்டு 2020. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவில் ஊரடங்கு தொடங்கியது. வேலையும் கூலியும் நின்றன. லட்சக்கணக்கானோர் நடக்கத் தொடங்கினார்கள். மே 1ஆம் தேதிதான் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு முதல் ஷ்ராமிக் சிறப்பு ரயில் கிளம்பியது. தொடர்ந்து 4,600க்கும் மேற்பட்ட ரயில்கள் சுமார் 63 லட்சம் பேரை ஊர் கொண்டுசேர்த்தன. அந்த ரயில்களின் கட்டணத்தை யார் கொடுப்பது என்று மத்திய அரசும் மாநில அரசுகளும் கட்சிகளும் வாரக்கணக்கில் வாதிட்டன. தொழிலாளர்களிடமிருந்து ரயிலுக்கோ பேருந்துக்கோ கட்டணம் வாங்கக் கூடாது என்று மே 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பும் பயணத்தின் கட்டணத்தை ஒப்பந்ததாரர் தர வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் எழுதி அப்போது 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.